கோல்கீப்பருக்கு அழுதவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் வீட்டு முன்னறையில் நான் அழுதேன். ஒரு கோல்கீப்பருக்காக.

கண் கலங்கியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாய்விட்டு அழுதேன். மூக்கு ஒழுகியது. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் நான் நடிக்கிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தான். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டினான், உள்ளே கேட்கக் கூடாதே என்று.

கேட்டுவிட்டது. அத்தை கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னடா ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. கோல்," என்றான் மச்சினன்.

"என்னது?"

"அவங்க கோல் போட்டுட்டாங்க. நம்ம ஆளு விட்டுட்டாரு."

அத்தை டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் மேசைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. போதும் போதும் என்று நான் தட்டை மறைப்பதும், கையை எடுங்க மாப்பிள்ளை என்று அத்தை என் விரலுக்கு மேலேயே சோற்றைப் போடுவதும் எங்கள் வழக்கம். அன்று கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டேன்.

என் மனைவி இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்குத் திரும்பவில்லை. அவளைக் கொண்டுபோன அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். வண்டியைப் பின்னால் எடுக்க டிரைவருக்குக் கை காட்டினேன். யாரோ தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன்.

அத்தையின் அக்கா சமையலறை வாசலில் நின்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "பாரு, கல்லுளிமங்கன் மாதிரி நிக்கிறதை. ஒரு சொட்டு வரல. அடுத்தவளைப் பார்த்து வச்சிருப்பான்."

மகளின் தலைமாட்டில் கதறிக்கொண்டிருந்த அத்தை எழுந்தார். நேராக அக்காவிடம் போனார்.

"அவருக்கு அழுகை வராது. சிலருக்கு வேர்க்காதில்ல, அந்த மாதிரி. என் மாப்பிள்ளையைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா, வாசல் அங்க இருக்கு."

அக்கா அந்த வாசல் வழியாகவே போனார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. சொந்தக்காரர்கள் யார் என்ன கேட்டாலும் அத்தையிடம் ஒரே பதில்தான். அவருக்கு அழுகை வராது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேர்த்துவிட்டது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பல் செட் செய்யும் லேப். டாக்டர்களிடமிருந்து வாய் அச்சு வரும். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, செட்டாக்கி அனுப்புவோம். எனக்குப் பல் அடுக்கும் வேலை. எதிரே பாலிஷ் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவர் பாலிஷ் அக்கா. முகமூடி, கண்ணாடி, தலைத்துணி எல்லாம் போட்டு உட்கார்ந்தால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பேச ஆரம்பித்தால் தெரிந்துவிடும்.

அன்று ஒரு மேல்வரிசையில் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன். இடது வலதில், வலது இடதில். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு வாய்க்கு இது? முதலைக்கா?"

சொன்னேன். கோல்கீப்பரைப் பற்றி, கரண்டியைப் பற்றி, எல்லாவற்றையும்.

அக்கா சக்கரத்தை நிறுத்தினார். "அட லூசு. மேட்ச்சுக்கு யாராவது அழுவாங்களா? அது பொழுதுபோக்கு. நீ உன் பொண்டாட்டியை நினைச்சுத்தான் அழுதிருக்கே. உனக்கே தெரியல, அவ்வளவுதான்."

"அப்படித் தோணல அக்கா."

"தோணாது. அதெல்லாம் அடியில இருக்கும்."

"போன மாசம் சீரியல்ல அந்த நர்சு செத்ததுக்கு அரைநாள் லீவு போட்டீங்களே. அது யாரை நினைச்சு?"

"அது வேற." முகமூடியை ஏற்றிக்கொண்டார். "அவ நிஜமாவே நல்லவ."

சக்கரம் ஓடத் தொடங்கியது. கோரைப்பற்களைப் பிடுங்கி மறுபடி அடுக்கினேன்.

அக்கா சொன்னது நல்ல யோசனை. அதை எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். வேலை செய்துகொண்டே ஞாயிற்றுக்கிழமையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த அழுகைக்குள் அவளைத் தேடினேன்.

எங்கள் ஊர் அணியின் மாற்றுக் கோல்கீப்பர் அவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அந்த அணியில் இருந்தார். கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்திலும் ஓரத்து பெஞ்சில்தான். முதல் கோல்கீப்பர்கள் வருவார்கள், போவார்கள். இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். இந்த முறை அரையிறுதிக்கு முன் முதல் ஆளுக்கு முழங்கால் போய்விட்டது. இவரை இறக்கினார்கள். நரை விழுந்த தலை. நன்றாகத்தான் பிடித்தார். கடைசி நேரத்தில் ஒரு சாதாரணப் பந்து, குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்தது. குனிந்தார். கைக்கு நடுவில் புகுந்து போய்விட்டது.

அதற்கும் நான் அழவில்லை. அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை, தரையில் விழவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தார். அதில் ஈர மண் ஒட்டியிருந்தது. தன் சட்டையில் துடைத்தார். நன்றாகத் துடைத்து, ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்க நடுவில் நின்றவர்களிடம் தூக்கிப் போட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உடைந்தது.

இதில் அவள் எங்கே? அவளுக்கு மேட்ச்சே பிடிக்காது. நான் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டுவாள். "இதுல நம்ம ஆளுங்க யாரு? சிவப்பா, வெள்ளையா?" என்று கேட்டு, வேண்டுமென்றே அடுத்த கட்சிக்குக் கை தட்டுவாள். "இவனுங்க ஜெயிச்சா நாளைக்கு நம்ம வீட்டு குழாய்ல தண்ணி வருமா?" என்பாள். வராது என்பேன். "அப்புறம் என்னத்துக்கு இந்தக் கத்து கத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த நகத்துக்குப் போவாள்.

தேடிப் பார்த்தேன். அவள் இல்லை. அந்தப் பந்தும் சட்டையும்தான் இருந்தன. அவளுக்காக வராத அழுகை அவருக்காக வந்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது?

வாரத்தின் நடுவில் மச்சினன் லேப்புக்கு வந்தான். பேக்கரியில் அடுப்பு வேலை. புருவத்தில் மாவோடுதான் எங்கேயும் போவான். பாலிஷ் அக்காவுக்கு இரண்டு பன் கொடுத்துவிட்டு என்னை வெளியே அழைத்தான்.

"மாமா, வீட்ல நிலைமை சரியில்ல. அம்மா யார்கிட்டயும் பேசுறதில்ல. டிவியைத் தொட்டா முறைக்குது. நேத்து ரிமோட்டைக் காணோம்."

"எங்கே?"

"அரிசி டப்பாவுல இருந்துச்சு." அவனுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "சிம்பிள் மாமா. வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க. அக்கா ஞாபகம் வந்துடுச்சு, அதான் அழுதேன்னு. நான் பாதி சொல்லி வச்சிருக்கேன். நீங்க மீதியைச் சொன்னா முடிஞ்சுது."

"அது உண்மையில்லடா."

"உண்மையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? அம்மாவுக்கு அது தேவை மாமா. உங்களுக்காக ஊரோட சண்டை போட்டிருக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அன்று வேலை முடிந்ததும் கிளம்பினேன். வழி முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அக்கா ஞாபகம் என்பது அவன் சொல்வது. நான் அவ ஞாபகம் என்று சொல்ல வேண்டும்.

அத்தை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வாங்க என்றார். தலை நிமிரவில்லை. உட்கார்ந்தேன்.

"அவ ஞாபகம் வந்துடுச்சாமே. தம்பி சொன்னான்."

நான் தலையாட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"இல்ல அத்தை."

கத்தி நின்றது.

"அப்புறம்?"

"அந்த கோல்கீப்பருக்காகத்தான் அழுதேன்."

"டிவியில வந்த எவனோ ஒருத்தனுக்கு."

"ஆமா."

"உங்களுக்கு அழுகையே வராதுன்னு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்? கூடப் பிறந்தவகிட்ட பேச்சை நிறுத்தியிருக்கேன். இப்ப அவளுக்குத் தெரிஞ்சா கை கொட்டிச் சிரிப்பா. வரும்டி, பந்து போனா வரும், உன் பொண்ணு போனா வராதும்பா."

"சொல்லட்டும் அத்தை. சரியாத்தானே சொல்வாங்க."

"சரியான்னு நான் கேட்கல." கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு பொய் சொல்ல வரலையா உங்களுக்கு? ஊர்ல எல்லாரும் சொல்றாங்க."

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். செருப்பு கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் மறுபடி ஒரு பீன்ஸை எடுத்தார். நறுக்கவில்லை. இரண்டு முனையையும் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"யாரு அவன்?"

சொன்னேன். பெஞ்சில் இருந்தது, முழங்கால் போனது, உருண்டு வந்த பந்து, சட்டையில் துடைத்தது.

"அத்தனை வருஷமும் சும்மாவே உட்கார்ந்திருந்தானா?"

"ஆமா."

"சம்பளம்?"

"குடுப்பாங்க."

"நல்ல வேலைதான்." முனை கிள்ளினார். "அவனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க."

"பார்க்க வந்திருந்தாளா?"

"வந்திருந்தாங்க. டிவியில காட்டினாங்க."

யாரும் காட்டவில்லை. அவருக்கு அம்மா இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியாதவன், இதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அழுதாளா?"

"இல்ல. நின்னுக்கிட்டிருந்தாங்க. கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு."

"ஒரு சொட்டுகூடவா?"

"இல்ல அத்தை."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சுத்தி இருந்தவளுங்க பேசியிருப்பாளுங்க. பெத்தவளோட நெஞ்சழுத்தத்தைப் பாருன்னு."

"பேசியிருப்பாங்க."

"எனக்கும் வரல." என்னைப் பார்க்காமலே சொன்னார். "அன்னைக்கு. சத்தம்தான் போட்டேன். தலையில அடிச்சுக்கிட்டேன். கண்ணுல தண்ணி வரவே இல்ல. முந்தானையால துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன், காஞ்சு கிடந்துச்சு. சத்தம் இருந்ததால ஒருத்தரும் கவனிக்கல. உங்களுக்கு சத்தம் போடத் தெரியல, மாட்டிக்கிட்டீங்க."

ஒரு பிடி பீன்ஸை என் பக்கம் இழுத்து முனை கிள்ள ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை.

"அந்தம்மா மறுபடி வருவாளா?"

"யாரு?"

"கைப்பைக்காரி."

"அரையிறுதி ரெண்டு ஆட்டம் அத்தை. அடுத்தது வர்ற ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்கு எனக்குக் காட்டுங்க. எப்படி இருக்கான்னு பார்க்கணும்."

பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சமையலை முன்னாலேயே முடித்துவிட்டு, தலைவாரி, மூக்குக்கண்ணாடி போட்டு, எனக்கும் மச்சினனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். அதே கோல்கீப்பர்தான். மைதானத்துக்குள் வந்ததும் ஒரு பகுதி கூட்டம் அவரைக் கேலி செய்து ஊளையிட்டது.

"இவனா?"

"ஆமா."

"வயசானவனா இருக்கான்." அவ்வளவுதான், அதற்குப் பிறகு அத்தை கோல்கீப்பரைப் பார்க்கவில்லை. பந்தையும் பார்க்கவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் முன்னால் சாய்ந்தார்.

"இவளா?"

"இல்ல அத்தை."

"அந்தப் பச்சை ஸ்வெட்டர்?"

"இல்ல."

"யாரைம்மா தேடுறே?" என்றான் மச்சினன்.

"உனக்கென்ன, உன் பந்தைப் பாரு."

எதிரணி பந்தோடு வந்தது. கோல்கீப்பர் பாய்ந்து அதை வெளியே தட்டினார். மச்சினன் குதித்தான். நானும் எழுந்துவிட்டேன். வாயிலிருந்து ஒரு கத்தல் வந்தது, அதை நான் நிறுத்தவில்லை. ஊளையிட்ட அதே கூட்டம் இப்போது கை தட்டியது. கேமரா அவர்களைக் காட்டியது. அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்க, மறைக்குது. அதோ, அந்த மூலையில பாருங்க. தனியா, கை தட்டாம. கையில பை இருக்கு. அவதானே?"

பார்த்தேன். யாரோ ஒரு பெண். மடியில் ஏதோ இருந்தது. கேமரா நகர்ந்துவிட்டது.

"சொல்லுங்க மாப்பிள்ளை. அவதானே?"

அவர் இன்னும் என் கையை விடவில்லை.

"ஆமா அத்தை," என்றேன்.