நாற்பத்தோராவது விநாடி

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஆச்சரியத்தில் இல்லை. பல் மருத்துவர் என் மேல்வரிசைக்கு அளவெடுப்பதற்காக ஒரு தட்டு நிறையப் பசையை அப்பி வாய்க்குள் திணித்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார். பசை இறுகும்வரை அசையக் கூடாது. பல் செட் செய்யும் பெண் எனக்குக் காவலாக நின்றாள். என் பல்லின் நிறம் பார்க்க வந்தவள், நான் எழுந்து ஓட முடியாது என்று தெரிந்ததும் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

என்னால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. நான் "ங்ஆ" என்றால், அவள் "அதேதான் சார், நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று மேலே போனாள். மருத்துவர் வந்து தட்டைப் பிடுங்கியபோது கதை பாதியில் நின்றது. மீதி என் சரக்கு. ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு ஒன்றும் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "கணினி என்பது இன்றைய மனிதனின்—"

(அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டியா நடக்கிறது?)

இரண்டாவது தொடக்கம்: "அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் காலையிலிருந்தே மூட்டமாக—"

(வானத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் நடந்தது படுக்கையறை மூலையில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, திரைச்சீலை போட்ட ஜன்னலுக்குக் கீழே.)

மூன்றாவது: "சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய இசை, நாற்பத்தோராவது விநாடியில் செத்துப்போனது."

இது நிற்கும். இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

வீட்டில் மூன்று பேர். பல் செட் செய்பவளை அவளுடைய நாத்தனார் அண்ணி என்று கூப்பிடுகிறாள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நாத்தனார் லிஃப்ட் மெக்கானிக். அண்ணிக்குப் புருஷனும் நாத்தனாருக்கு அண்ணனுமாகிய மனிதர் பஸ் ஓட்டுகிறார்.

நாத்தனார் என்றதுமே என் பேனா சண்டைக்குத் தயாராகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று பக்கம் சண்டை எழுதினேன். குத்தல், ஜாடைப் பேச்சு, படாரென்று சாத்தப்படும் கதவு, எல்லாம் பிரமாதமாக வந்தன. ஆனால் அந்தப் பெண் "என் நாத்தனா இருக்காளே, தங்கம் சார்" என்று சொன்னது காதிலேயே நின்றது. மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அண்ணி பதினோரு வருஷமாக வீட்டுக் கணினியில் இசை போடுகிறாள். பகலெல்லாம் மெழுகும் மாவும் பிசைந்து யாருக்கோ சிரிப்பு செய்து கொடுப்பாள். வீட்டுக்கு வந்ததும் அந்த மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கேட்பதற்கு இரண்டே பேர்: புருஷன், நாத்தனார். மூன்றாவதாக ஒருவர் கேட்டது தற்செயல்.

ஒரு நாடகக்காரர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நாத்தனார் வெளியில் வேலை செய்துகொண்டிருக்க, அவர் உள்ளேயிருந்து அலறியிருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்த நாத்தனார் தன் ஃபோனில் அண்ணியின் இசையைப் போட்டு, கதவிடுக்கில் வைத்துவிட்டாள். அலறல் நின்றது. கதவு திறந்ததும் அவர் நன்றி சொல்லவில்லை. "யார் போட்டது இது?" என்றுதான் கேட்டார்.*

* கதைக்கு வசதியாக நான் கட்டியது என்று நினைப்பீர்கள். இல்லை. இது பசை இறுகுவதற்கு முன்பே கேட்ட பகுதி.

அவருடைய புது நாடகத்துக்குத் திரை விலகும்போது ஒலிக்க ஒன்றரை நிமிட இசை வேண்டும். ஞாயிறு ஐந்து மணிக்குள் வராவிட்டால், கைவசம் இருக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்வார். ஃபோனில் பேசும்போது அண்ணியை "இசையமைப்பாளர்" என்று சொல்லிவிட்டார். அவள் ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அவளை ஒருவர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

4

இப்போது கணினிக்கு வருவோம். (பயப்படாதீர்கள். எனக்கும் இதில் அரைகுறை ஞானம்தான்.)

பழைய கணினி இத்தனை வாத்தியங்களைத் தாங்காது என்று, அண்ணி சனிக்கிழமை லீவு போட்டு, புது மெமரிப் பட்டை இரண்டும் புது டிஸ்க்கும் வாங்கி வந்து தானே பொருத்தினாள். அவள் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நகம் அளவு பல்லில் கோடு இழுக்கிற கை. மூடியை மாட்டினாள், அதன் தலையில் ஸ்பீக்கரை எடுத்து வைத்தாள், போட்டாள். குழல் வந்தது, அதன் பின்னால் தந்திகள் வந்தன, நாற்பது விநாடி தேன். பிறகு முரசு வர வேண்டும்.

ஒரே ஒரு அடி. திரை உறைந்தது. ஸ்பீக்கர் "ர்ர்ர்ர்ர்" என்று ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

மறுபடி போட்டாள். நாற்பத்தொன்று, ர்ர்ர்ர்ர். ஞாயிறு காலை பத்து மணிக்குள் பதினேழு தடவை ஆகிவிட்டது.

"அண்ணி, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துவோம். மாத்துனத எழுதி வைப்போம்" என்று நாத்தனார் வேலைக்கு எடுத்துப் போகிற நோட்டைத் திறந்தாள். வயரை மாற்றினார்கள், எழுதினார்கள். பழைய டிஸ்க்கை மாட்டினார்கள், எழுதினார்கள். இசை மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். அது எழுபது சதவீதத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் முப்பத்தொன்பதில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், நாற்பத்தொன்றில் விடுவார்கள்.

அண்ணன் சும்மா இருப்பாரா? (முதல் வரைவில் சோபாவில் படுத்துக்கொண்டு கிண்டல் செய்கிறவராக எழுதியிருந்தேன். அப்படிப்பட்டவர்கள் கதைகளில் ஏற்கனவே நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள். எழுப்பிவிட்டேன்.) பெண்கள் இருவரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். முரசை மட்டும் வாயடைத்துவிட்டுப் போட்டார். இசை கடைசிவரை ஓடியது.

"நோய் கண்டுபிடிச்சாச்சு!" என்று சாப்பாட்டு மேசைக்கே ஓடி வந்தார். "முரசுதான் பிரச்சினை. அதத் தூக்கிட்டா ஜோரா ஓடுது. அப்படியே அனுப்பிடு."

அண்ணி சோற்றுக் கையோடு வந்து கேட்டாள். குழலும் தந்தியும் எதற்கோ காத்திருந்து, காத்திருந்து, அது வராமலேயே முடிந்துபோயின.

"நல்லாத்தானே இருக்கு?"

"பல்லு இல்லாம சிரிக்கிற மாதிரி இருக்குங்க."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பல் இல்லாத சிரிப்பை அனுப்பிவிட்டு, இசையமைப்பாளர் என்று எப்படி நிமிர்ந்து நிற்பது? அவருக்கும் சங்கடமாகிவிட்டது. தட்டை வாங்கிக் கழுவப் போனார்.

மணி மூன்று.

5

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு நான்கு நாள் தெரியவில்லை. கணினி நிபுணர் ஒருவர் வந்து நிமிடத்தில் சரிசெய்வதாக எழுதினேன். அவர் கதைக்குள் கால் வைத்ததும் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அதற்குப் பதிலாகக் கீழ்வீட்டுக்காரரை வரவழைத்தேன். ஒட்டடைக் கம்பால் தன் கூரையை, அதாவது இவர்கள் தரையை, மூன்று தடவை இடித்தார். ர்ர்ர்ர்ர் சத்தத்தை அவர்தான் எத்தனை நேரம் பொறுப்பார்? அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கட்டிலில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். சத்தமே இல்லாத அறையில் அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்து, தோளை ஆட்டி, இடுப்பை ஆட்டி, வயர் எட்டுகிற தூரத்துக்குள் வட்டமடித்து ஆடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா! ஓடி வா! அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

"வந்துடுச்சுடீ!" என்று அண்ணி கத்தினாள். காது மூடியிருந்ததால் கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி கத்தினாள். "முரசு வந்துடுச்சு! முழுசா வந்துடுச்சு!"

மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். நாற்பத்தொன்று, ர்ர்ர்ர்ர்.

நாத்தனார் மெல்ல நகர்ந்து கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "முரச மட்டும் போடுங்க அண்ணி." ஓர் அடி விழுந்தது. ஸ்பீக்கர் அதிர, அடியிலிருந்த பெட்டியும் அதிர்ந்தது. திரை உறைந்தது.

"லிஃப்ட்டுக்குள்ள ஒருத்தர் குதிச்சா லிஃப்ட் நின்னு போகுதுன்னா, குதிச்சவர் மேல தப்பு இல்ல" என்றாள். "எங்கேயோ ஏதோ ஒண்ணு முழுசா உக்காரல. மெமரிய உள்ள வச்சீங்களே, 'டக்'குனு சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கலையே" என்றாள் அண்ணி பெருமையாக. "கேக்காமப் பாத்துக்கிட்டேன்."

பதினெட்டு வருஷமாக அவள் வேலையில் 'டக்' என்றால் ஒரே அர்த்தம்தான்: அச்சு உடைந்தது, யாரோ ஒருவரின் பல் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்தச் சத்தம் வருவதற்கு ஒரு மயிரிழைக்கு முன்னால் நிறுத்துவதுதான் அவள் கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. மெமரியையும் அப்படித்தான், பூப்போல, மயிரிழைக்கு முன்னால் நிறுத்தியிருந்தாள்.

 கணினி தெரிந்த வாசகர் இப்போது துடித்துக்கொண்டிருப்பார்: ஸ்பீக்கரை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அல்லது சத்தமே இல்லாமல் கோப்பாக எடுத்து, அனுப்பியிருக்கலாமே! அனுப்பியிருக்கலாம். அது அந்த மூவருக்கும் தோன்றவில்லை. எனக்கே ஐந்தாவது வரைவில்தான் தோன்றியது, அதற்குள் கதை இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றினார்கள்.

"நீயே அழுத்திடும்மா" என்றாள் அண்ணி.

"தொறந்தவங்கதான் மூடணும். எங்க வேலையில அதான் சட்டம். அழுத்துங்க."

"ஒடஞ்சிடும்டீ."

"ஒடையாது. இன்னும். இன்னும் அழுத்துங்க அண்ணி."

அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மயிரிழையைத் தாண்டி அழுத்தினாள்.

டக்.

6

முரசு வந்தது. ஸ்பீக்கரில், பெட்டி அதிர, துணி அலமாரியின் கண்ணாடி அதிர வந்தது. அண்ணன் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு ஆடினார். நாத்தனார் நோட்டை மேலே தூக்கிப் போட்டாள். கீழ்வீட்டுக்காரர் கம்பால் இடித்தது தாளத்துக்கு அநேகமாகப் பொருந்தியிருந்தது.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்தேன். அப்புறம் அந்த அறையை மறுபடி பார்த்தால், அண்ணி மட்டும் ஆடவில்லை.

"என்ன குறையுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் குறையல. மணி நாலு நாப்பது. அனுப்பு."

"நாள் பூரா நாப்பதாவது விநாடில மூச்சப் பிடிச்சோம்ல? இப்ப யாரும் பிடிக்கல. பிடிக்கிறதுக்குள்ள முரசு வந்துடுது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பதாவது விநாடிக்கு அப்புறம் எல்லாவற்றையும் வெட்டி, இரண்டு விநாடி தள்ளி வைத்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, காலையிலேர்ந்து நாம சரி பண்ணினதே அதைத்தானே! திரும்பக் கொண்டு வந்து வைக்கிறீங்களே!"

"அது தானா நின்னுச்சு. இது நான் நிறுத்துறது."

போட்டாள். குழல், தந்தி, நாற்பது, நின்றது. மூவருக்கும் மூச்சு நின்றது. பிறகு முரசு விழுந்தபோது, அண்ணன் என்ன சொல்வதென்று தெரியாமல் மனைவியின் தலையில் கையை வைத்தார்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். ஐந்து பத்துக்கு நாடகக்காரரின் ஃபோன்.

"கேட்டேம்மா. நடுவுல நிக்குதே, அது ஏதாவது கோளாறா?"

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இல்லைங்க. நான் வச்சது."

"மண்டபத்துல ஜனங்க மைக் போச்சுன்னு நெனச்சுட்டா?"

"நெனச்சாலும் நெனப்பாங்க. அப்படியே போடுங்க."

7

முடிவுகள் என் கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில், மண்டபத்தில் யாரோ "சவுண்டு!" என்று கத்துகிறார், நான்கைந்து பேர் விசிலடிக்கிறார்கள், முரசு அந்தக் கூச்சலில் மூழ்கிப்போகிறது. இன்னொன்றில் கைதட்டல், அண்ணியின் கண்ணில் நீர். முதலாவதை எழுத எனக்கு மனசு வரவில்லை. இரண்டாவதை எழுத வெட்கமாக இருக்கிறது.

உண்மையில் என்ன ஆயிற்று என்று நேரிலேயே போய்ப் பார்த்திருக்கலாம். பல் செட் தயாரானதும் வாங்கப் போனேன், அவளே வந்து மாட்டிவிட்டாள், கச்சிதமாக உட்கார்ந்தது. இந்தத் தடவை வாயில் பசையும் இல்லை. "நாடகம் எப்ப?" என்று மட்டும் கேட்டேன். "நாளைக்கு சார். நீங்களும் வாங்களேன்" என்று ஒரு டிக்கெட்டைக் கொடுத்தாள். நான் போகவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறவன் அங்கே போய் உட்கார்ந்தால், ஒரு முடிவோடுதான் எழுந்து வருவேன்.

அதனால் என் டிக்கெட்டில் உங்களை அனுப்புகிறேன். மூன்றாவது வரிசை, நடு இருக்கை. இருட்டிவிட்டது. உங்களுக்குப் பின்னால், கடைசிச் சுவரோரம், பல் செட் செய்யும் ஒரு பெண் நாத்தனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழல் வந்துவிட்டது, தந்திகள் வந்துவிட்டன. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து உங்கள் பக்கம் திரும்புகிறார். முப்பத்தொன்பது. நாற்பது.

நின்றுவிட்டது. அவருக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்? உங்களுக்கு இரண்டு விநாடி இருக்கிறது.