பாதை வருது

என் நெஞ்சில் ஒன்றும் இல்லையென்று ஈ.சி.ஜி. மெசின் மூன்று தரம் சொல்லிவிட்டது. நாலாவது தரம் போனபோது டொக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு துண்டு எழுதித் தந்தார். "மேல்மாடியில ஒரு மிஸ் இருக்கிறா. அவவோட கதைங்க." கதைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்களும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

என் வருத்தம் இதுதான்: பாதையில் ஏற முடியாது. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். இரண்டு மிதவைக்கு மேல் இரும்புத் தட்டு அடித்து, எஞ்சின் பூட்டி, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஆறு என்கிற வாவியைக் கடக்கிற சாமானுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பேர். என் வீடு எழுவான்கரையில், தேற்றாத்தீவுக்குக் கிட்ட. நான் நெல் காயப்போடுகிற மில் எதிரே படுவான்கரையில். பதினாறு வருசமாக முதல் பாதையில் போய்க் கடைசிப் பாதையில் வந்தவள் நான். போன மாரியில் ஒருநாள் காற்றில் எஞ்சின் நின்று, நடு ஆற்றில் பாதை ஒரு மணித்தியாலம் இழுபட்டுத் திரிந்தது. பிறகு தோணிக்காரர் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார்கள். ஒருவரும் சாகவில்லை. ஒரு செருப்புக்கூட ஆற்றில் போகவில்லை. ஆனால் அடுத்தநாள் பாதையில் கால் வைத்ததும் நெஞ்சு அடித்து, கை விறைத்து, கூட வேலை செய்கிற கண்ணகையின் மேல் விழுந்தேன்.

"பேய்க்கு வேற ஆள் கிடைக்கல்லையாகா, உன்னைப் பிடிக்க?" என்றாள் கண்ணகை.

அதற்குப் பிறகு பஸ்தான். பாலத்தைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி மில்லுக்குப் போனால் ஒன்பதரை. அவித்த நெல்லை வெயில் ஏறமுதல் களத்தில் பரப்ப வேண்டும். ஒன்பதரைக்கு வருகிறவளுக்கு நெல் மிஞ்சாது, ஏச்சுத்தான் மிஞ்சும். ஐந்து கிழமை பொறுத்துவிட்டு மனேஜர் சுதாகரன் சொன்னான்: "அக்கா, வாற ஒண்டாந் திகதியில இருந்து முதல் பாதையில வந்தா வாங்க. இல்லாட்டி உங்கட இடத்துக்கு வேற ஆள்."

மேல்மாடி மிஸ்ஸின் பெயர் தானியா. தகப்பன் வழியில் மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம். வளர்ந்தது கொழும்பில், தமிழ் படித்தது புத்தகத்தில். மேசையில் கண் துடைக்கிற கடுதாசிப் பெட்டி ஒன்று இருந்தது. நான் அழுகிற சாதியில்லை என்று தெரிந்ததும் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"எதற்குப் பயப்படுகிறீர்கள், இரத்தினம்மா?"

"பாதைக்கு மிஸ்."

"பாதையில் என்ன நடக்கிறது?"

"கால் வைச்ச உடனே நெஞ்சு அடைக்கும். நடுவுக்குப் போனாத் தலை சுத்தும். மோட்டார் சைக்கிள், ஓட்டோ எல்லாம் வரக்குள்ள இன்னும் மோசம்."

அவள் எழுதினாள். "அப்போது உங்கள் மனதில் என்ன எண்ணம் வருகிறது?"

"தாண்டு போகும் எண்டுதான்."

அதையும் எழுதினாள். தாண்டு போவதென்றால் எங்களுக்கு மூழ்கிப் போவது. அவள் எழுதியது 'தாண்டிப் போவது'. கொப்பி அவள் பக்கம் இருந்ததால் அப்போது எனக்குத் தெரியாது.

பயம் சும்மா வருவதில்லையாம். எண்ணம்தான் அதைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறதாம். அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். பயப்படுகிற சாமானுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போக வேண்டும். கோடு போட்ட தாள் ஒன்று தந்து, பயத்துக்கு நூற்றில் எத்தனை போடுவீர்கள் என்று கேட்டாள். தொண்ணூறு என்றேன். வீட்டுப்பாடமும் தந்தாள்: முதல் கிழமை ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் வீதியோரம் நிற்க வேண்டும். அடுத்த கிழமை சந்தி வரைக்கும் நடக்க வேண்டும். மூன்றாவது கிழமை கல்முனை றோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும்.

தண்ணீருக்குப் பயந்தவளை ஏன் றோட்டில் நிற்க வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. முதலில் தரை, பிறகு தண்ணி என்று ஏதோ முறை இருக்கும் என்று நினைத்தேன். சுனாமிக்குப் பிறகு மனம் தேற்ற வந்தவர்கள் எங்களை வட்டமாக இருத்திப் பந்து எறியச் சொன்னார்கள், எறிந்தோம். பலூன் ஊதச் சொன்னார்கள், ஊதினோம். பிணம் தேடிக் களைத்த ஆட்கள் பலூன் ஊதினோம். தாளோடு வருகிறவர் சொன்னதைச் செய்துவிட்டுப் போவது எங்களுக்குப் பழகிய கூலிவேலை.

நான் றோட்டோர மதகடியில் நிற்பதைக் கண்ணகை கண்டாள். "என்னகா, மதகு களவு போயிடும் எண்டு காவல் நிக்கிறியா?"

"இது மருந்துகா."

"நல்ல மருந்து. எருமையும்தான் நாள் முழுக்க நடு றோட்டில நிக்கிது. அதுக்கு என்ன வருத்தமாம்?"

ஒவ்வொரு கிழமையும் தானியா கேட்டாள். வீதியோரம் நின்றபோது எத்தனை? பூச்சியம். நடந்தபோது? பூச்சியம். கடந்தபோது? பூச்சியம். மூன்றாவது கிழமை அவளுடைய கண் கலங்கி, பெட்டியில் இருந்து ஒரு கடுதாசியை அவளே எடுத்தாள். என்னைப்போல் வேகமாகத் தேறியவர் ஒருவரும் இல்லையாம். அடுத்த மாதம் ஹோட்டலில் நடக்கிற கூட்டத்தில் வந்து பேச வேண்டுமாம்.

"அப்ப இனிப் பாதையில போகலாமா மிஸ்?"

"நீங்கள்தான் போய்விட்டீர்களே! கடைசித் தடவை நானும் உங்களோடு வேலைத்தலம் வரைக்கும் வருகிறேன்."

ஒண்டாந் திகதிக்கு இரண்டு நாள் இருக்கையில் காலையில் தானியா என் வீட்டுக்கு வந்தாள். நான் ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் ஒன்றை வெறுமையாக மூடி இறுக்கி, சேலைத் தலைப்பால் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தேன். பாதை தாண்டாலும் கான் மிதக்கும். துறைக்கு வந்து நின்றோம்.

"இனி எந்தப் பக்கம்?" என்றாள்.

"இதில நிப்பம் மிஸ். பாதை வருது."

"பாதை வருகிறதா?"

"இந்தா வருது" என்று ஆற்றைக் காட்டினேன்.

பாதை வந்து கரையில் இடித்தது. ஒரு ஓட்டோவும் நாலு மோட்டார் சைக்கிளும் இறங்கின. தானியா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொப்பியைத் திறந்து பார்த்தாள். "இரத்தினம்மா, உங்களுக்கு வீதியில் நடக்கப் பயம் இல்லையா?"

"றோட்டுக்கு என்ன மிஸ் பயம்?"

பாதைக்காரன் கோணாமலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "றோட்டுக்குப் பயப்பட எங்களுக்கு நல்ல றோட்டே நேத்துத்தானே மிஸ் போட்டாங்க."

அவள் காது வரைக்கும் சிவந்து போனாள். "என்னுடைய பிழை. நான் கேட்டிருக்க வேண்டும். முதலில் இருந்து தொடங்குவோம். முதல் கிழமை துறையில் நின்று…"

"எனக்குக் கிழமை இல்ல மிஸ். நாளையிண்டைக்கு ஒண்டாந் திகதி."

கானால் அவள் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் ஓடவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினாள். "அப்படியானால் எல்லாக் கிழமையையும் இன்றைக்கே செய்வோம். இறங்காமல் போய்ப் போய் வருவோம். ஓடி வரக்கூடாது. சம்மதமா?"

ஏறினோம். கரை விலகினதும் நெஞ்சு உரலில் இடிக்கிற மாதிரி இடித்தது. அவள் பயப்படாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தள்ளி விட்டிருப்பேன். "இப்போது எத்தனை?" என்றாள்.

"நூறு. வாயை மூடுங்க மிஸ்."

அக்கரையில் இறங்காமல் கிறுகித் திரும்பி வந்தோம். மறுகாப் போனோம். நாலாந்தரமும் எண்பத்தைந்து. "இதென்ன, பாதையை வாங்கப் போறீங்களா?" என்றான் கோணாமலை.

"பதினாறு வருசம் ஏறினீர்கள். எத்தனை தரம் தாண்டது?" என்றாள் தானியா. இத்தனை நடைக்குள் எங்கள் சொல்லைப் பழகியிருந்தாள்.

"ஒரு தரமும் இல்ல."

"அந்தத் துணிக்குள் என்ன?"

காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இது இருக்கிற வரைக்கும், கானால்தான் தப்பினேன் என்று உங்கள் மனம் சொல்லும். பாதை தாழவில்லை என்று சொல்லாது."

மூன்று கிழமையில் அவள் சொன்ன முதல் புத்தியான கதை அது. புத்தியான கதை என்பதால் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறாந்தரம் கானைக் கோணாமலையிடம் கொடுத்தேன். கை வெறுமையாகப் போனதும் திரும்பவும் நூறு. கம்பியைப் பிடிக்கவும் விடாமல் என் கையை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். எட்டாந்தரம் எழுபது. பன்னிரண்டாந்தரம் தண்ணீருக்குள் நட்ட கம்புக்கட்டையில் ஒரு நீர்க்காகம் செட்டை விரித்துக் குந்தியிருந்தது. அது அந்த இடத்திலேயே காலையில் இருந்து இருந்ததை அப்போதுதான் கண்டேன். எனக்கு அலுப்பு வந்திருந்தது.

"எத்தனை?"

"நாப்பது. பசிக்குது மிஸ்."

கரையில் அவள் கொப்பியில் இருந்த பூச்சியங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். "அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம்" என்றாள்.

"ஏன் மிஸ்? வந்து றோட்டில நிண்ட கதையைச் சொல்லுறன்."

ஒண்டாந் திகதி முதல் பாதையில் ஏறினேன். காற்றும் கொஞ்சம் இருந்தது. நடு ஆற்றில் கை கானைத் தேடியது.

"இப்ப எத்தினைகா?" என்றாள் கண்ணகை. என்னிடம் கேட்டுக் கேட்டு அவளும் எண்ணப் பழகியிருந்தாள்.

"அறுபது."

"இது என்ன கணக்கு. புருசன் வாசலுக்கு வந்தாலே எனக்கு எண்பது."

மில்லில் நெல் இறக்கியிருந்தார்கள். நெல் பரப்புகிற என் பலகையை ஒரு புதுப் பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றாள். சுதாகரன் மணிக்கூட்டைப் பார்த்தான், பிறகு துறைப் பக்கம் பார்த்தான். "பாதையிலயா வந்தீங்க?"

"றோட்டால வந்தா இந்த நேரத்துக்கு வரேலுமா?"

அவன் கையால் களத்தைக் காட்டினான்.

"பலகையைத் தா புள்ள" என்றேன். பிள்ளை தந்தாள். நெல்லில் இன்னும் ஆவி பறந்துகொண்டு இருந்தது.