ஜன்னல் பக்கம் திரும்பியவள்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் என்பதால் எல்லாரும் அவரைப் படக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். இருவருக்கும் ஒரே பைத்தியம். ஊர் பேர் தெரியாத யாரோ கையால் செய்த பழைய பொருள்களைத் தேடிப் பிடித்து வாங்கி வீடு முழுக்க மாட்டுவார்கள். கூடத்துச் சுவரில் மர முகமூடிகள், அவற்றுக்குக் கீழே வர்ணம் தீட்டிய மண் தட்டுகள், சாப்பாட்டு மேசைக்கு மேலே கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பெரிய மீன். குளியலறைக் கதவில்கூட ஒரு வைக்கோல் குதிரை தொங்கியது.

“உங்க வீட்டுல நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியல அண்ணி. சுத்தி இத்தனை பேரு முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்பான் படக்காரரின் தம்பி. சொன்ன வாயோடு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டுவான்.

அந்தப் பொம்மையைப் பழைய சாமான் கடையில் பார்த்தார்கள். முழங்கை நீளத்தில், ஒரே கட்டையில் செதுக்கிய சிறுமி. சிவப்புச் சட்டை, இரட்டைச் சடை, கன்னத்தில் உளி தவறி விழுந்த சின்ன வெட்டு. கண்கள் மட்டும் அளவுக்கு மீறிப் பெரியவை.

“நாட்டுப்புறத்து வேலைங்க. நூறு வயசாவது இருக்கும்” என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

கூடத்து அலமாரியில், அறையைப் பார்த்தபடி அவளை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் அவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். கணவர்தான் திருப்பியிருப்பார் என்று மனைவி நினைத்தாள். மனைவிதான் என்று கணவர் நினைத்தார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பழையபடி திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியை நோக்கிக் கை நீட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“அப்ப நீ திருப்பலயா?”

“நான் ஏங்க திருப்புறேன்? நீங்கதான்னு சும்மா இருந்தேன்.”

லாரி போகும்போது வீடு அதிரும், அதில் நகர்ந்திருக்கும் என்று படக்காரர் சொல்லிப் பார்த்தார். பொம்மையின் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். மறுநாள் பார்த்தால், பாதம் கோட்டை விட்டு நகரவில்லை. ஆனால் கால்விரல்கள் இருந்த இடத்தில் குதிகால் இருந்தது.

ஒரு மத்தியானம் மனைவி தனியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் மாற்றுவதற்காக மிஷினை நிறுத்தியதும் கூடத்தில் ஏதோ சன்னமாகக் கிலுகிலுத்தது. எழுந்து போய்ப் பொம்மையைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே என்னவோ உருண்டது. கணவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பொம்மையை அவர் கையில் திணித்தாள்.

“இதைப் படம் புடிச்சுட்டு வாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம இனிமே இதோட என்னால தனியா இருக்க முடியாது.”

மறுநாள் மாலை, நோயாளிகள் எல்லாரும் போனபிறகு, படக்காரர் பொம்மையை எக்ஸ்ரே மேசைமேல் படுக்க வைத்தார். பழக்கத்தில் “அசையாதீங்க” என்று வாய் சொல்லிவிட்டது.

திரையில் மரத்தின் வரிகள் தெரிந்தன. நெஞ்சுக்குள் ஒரு துளை, அடியில் ஆப்பு வைத்து அடைத்திருந்தது. துளைக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தார். பால்பற்கள். வேர் கரைந்து தானாக விழுந்த முன்பற்கள். குழந்தைகளின் தாடையை எத்தனையோ முறை படம் பிடித்தவர் அவர். யாரோ முதல் பல்லை ஆசையாக எடுத்து வைத்து, இரண்டாவதையும் வைத்திருக்கிறார். அதோடு ஏன் நின்றது என்று நினைத்ததும், சட்டென்று திரையை அணைத்தார்.

“உள்ள ஒரு சிராய் உடைஞ்சு ஆடுது. வேற ஒண்ணுமில்ல” என்றார் வீட்டில்.

“என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

அவரால் முடியவில்லை. சொல்லிவிட்டார். அவள் பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இவ யாருக்காகவோ காத்துக்கிட்டு நிக்கிறா. நாம அழகுக்கு வச்சிருக்கோம்” என்றாள்.

கடைக்காரர் முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும் இறங்கி வந்தார். “நூறு வருஷம்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. ஒரு பிளம்பர் கொண்டாந்து வச்சாரு. எதுவும் வேண்டாம், எடுத்துக்கிட்டா போதும்னுட்டுப் போயிட்டாரு.”

பிளம்பரின் வீடு பக்கத்துப் பேட்டையில், ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தது. கதவைத் திறந்தவர், படக்காரர் மனைவியின் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார். பிரிக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

“எதுக்குக் கொண்டாந்தீங்க?” என்றார்.

படக்காரர் தயங்கித் தயங்கிப் படத்தைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என் பொண்ணு பல்லு. பத்திரமா வச்சுக்கப்பான்னு எங்கிட்ட குடுத்தா. அவ போனப்புறம் நானே செதுக்கி உள்ள வச்சேன். என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அது ஜன்னல் பக்கமே திரும்பித் திரும்பி நிக்கும். பள்ளிக்கூட பஸ் வர்ற பக்கம். வீட்டுக்காரிதான் திருப்புறான்னு நினைச்சுச் சத்தம் போடுவேன். அப்புறம் அவளை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நான் மட்டும்தான் வீட்டுல இருந்தேன்.” நிறுத்தினார். “அப்பவும் திரும்புச்சுங்க.”

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, வாராத தலை. மூட்டையை வாங்கிப் பிரித்தாள்.

“உடைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே” என்றாள் கணவரிடம். அதில் கோபமே இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. பொம்மையை மார்போடு சாய்த்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் யாரிடமோ பேசுவது கேட்டது. நடு நடுவே, பதில் கேட்பவளைப் போல நிறுத்தினாள்.

வீடு திரும்பியதும் தையல்காரி எல்லா முகமூடிகளையும் இறக்கினாள். யாருடையது, யாருக்காகச் செய்தது என்று தெரியாமல் முகமுள்ள எதையும் இனி மாட்டுவதில்லை என்றாள். படக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தச் சுவரில் இப்போது கோரைக் கூடைகளும் பாய்களும்தான் இருக்கின்றன.

சில மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் படக்காரர் பிளம்பரைப் பார்த்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“வீட்டுல எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கா. தூங்குறா, சாப்பிடுறா. ஜன்னல் பக்கம் அது இப்பத் திரும்புறதே இல்ல.”

“நல்லதாப் போச்சு.”

“என் பக்கமும் திரும்ப மாட்டேங்குதுங்க” என்றார் அவர். “நான் எங்க உட்கார்ந்தாலும் எனக்கு முதுகுதான் தெரியுது. கடையில விட்டுட்டு வந்தவன்தானே. ராசியாகலாம்னு பக்கத்துல போய் உட்கார்ந்து பேசிக்கூடப் பாக்குறேன்.”

படக்காரர் அவர் கையிலிருந்த கனமான பையை வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார்.