ஜூன் மாதக் கட்டம்

கச்சத்தீவு அந்தோணியார் மேல் ஆணை, இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இனி நான் கடலில் இறங்கும்போதெல்லாம் தண்ணீர் என்னை நனைக்கட்டும்.

பாம்பன் கரையில் கடல் ஆராய்ச்சி நிலையம் என்று ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று இருந்தது. அதில் ரைட்டர் வேலை வேதநாயகத்துக்கு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடலின் சூட்டைக் கண்ணாடிக் குழலில் பார்த்து எழுதுவார். 'கடலுக்குக் காய்ச்சல் பாக்குற கம்பவுண்டர்' என்று ஊரில் பெயர். நாக்கில் ஒரு சொட்டு விட்டால் உப்பு எவ்வளவு என்று புள்ளிக்கு அடுத்த எண் வரைக்கும் சொல்லிவிடுவார். மெட்ராஸிலிருந்து வந்த கருவி ஒருமுறை அவர் நாக்கோடு ஒத்துப்போகவில்லை; கருவியைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்கள். பதினோரு வருஷப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் என்று ஒன்று இல்லை. ஒரே ஒருநாள் இருபத்தெட்டு டிகிரியை இருபத்தொன்பது என்று எழுதிவிட்டார். அடிக்க மனம் வரவில்லை. கரையில் போய்த் தலை குனிந்து நின்றார். அவர் படுகிற பாட்டைப் பார்த்துக் கடலே சாயங்காலத்துக்குள் ஒரு டிகிரி ஏறிக்கொடுத்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம். உலகத்து நாடுகளெல்லாம் ஒன்றுகூடி, கடலைப் பற்றி யார் எதை அளந்தாலும் மற்றவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்று பேசி முடித்திருந்தன. பதிவேட்டுக்கு அடியில் இரண்டு கார்பன் தாள் வந்து சேர்ந்தது. ஒரு பிரதி நிலையத்துக்கு, ஒன்று மெட்ராஸுக்கு, ஒன்று கப்பலேறி எங்கோ வெளிநாட்டுக்கு. தன் கையெழுத்தை வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து படிப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து வேதநாயகம் 'ழ'வுக்குக் கூடுதலாக ஒரு சுழி போட்டார்.

அளவுகளில் முக்கியமானது குப்பி. கடலுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, மெழுகால் வாயடைத்த குப்பிகளை மாதாமாதம் மிதக்க விடுவார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எண் போட்ட கார்டு. கண்டெடுக்கிறவர் தேதியும் இடமும் எழுதித் தபாலில் போட வேண்டும். அந்த ஜூனில் நிலையத்துப் படகு மராமத்தில் கிடந்தது. நாற்பது குப்பியும் கூடையில் கிடந்தன. மாதக் கடைசி. ஜூன் மாதக் கட்டம் வெறுமையாக உலகத்துக்குப் போகப்போகிறதே என்று வேதநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மகன் பெஞ்சமின் நானாச்சு என்றான். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஏழு வயதில் வத்தைப் படகுக்கு அடியில் ஒளிந்தவன் அவன். இருபது வயதில் அதே வத்தைக்கு மேலே ஏறிப் பாய் கட்டிக்கொண்டிருந்தான். முன்பும் அய்யாவுக்காகக் குப்பி விட்டிருக்கிறான். விட்ட இடங்களைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டு வருவான். குருசடைத் தீவுக்கு நேரே என்றால் ஒற்றை முடிச்சு, நீரோட்டம் திரும்புகிற இடமென்றால் இரட்டை. வேதநாயகம் அந்தக் கயிற்றை விரலால் தடவி வாசித்துப் பதிவேட்டில் ஏற்றுவார்.

அவன் அம்மா யாகப்பம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"கச்சான் காத்து ஏறி அடிக்குது. குப்பிக்கு என்ன அவசரம்? அது என்ன கலியாணத்துக்கா போகுது?"

"கட்டம் காலியாப் போனா உலகத்துல நாலு பேர் பாப்பாக," என்றார் வேதநாயகம்.

"உலகத்துக்கே எங்க அய்யா மேலதான் கண்ணு. விடும்மா, வெயில் சாயமுன்ன வாரேன்," என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கினான் பெஞ்சமின்.

வெயில் சாய்ந்தது. மறுநாளும் சாய்ந்தது. ஊர்ப் படகுகள் மூன்று நாள் தேடின. தேடிப்போனவர்கள் திரும்பி வந்து யாகப்பம்மாளின் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். உடல் கிடைக்காதவனுக்கும் சாவுமணி அடித்துப் பூசை வைத்துவிடுவது அந்தக் கரை வழக்கம். அவள் கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றின் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"கயித்தத் தொட்ட கைய ஒடிச்சிருவேன். அவன்கிட்ட நாப்பது குப்பி இருக்கு, நாப்பது கார்டு இருக்கு. எங்கன கரையேறினாலும் ஒண்ண ஒடச்சுக் காகிதம் போட்டுருவான். வரட்டும்."

எட்டு நாள் தண்ணீரைத் தவிர எதுவும் அவள் வாய்க்குள் போகவில்லை. ஒன்பதாம் நாள் நிலையத்துக்கு ஒரு கார்டு வந்தது. எண் 202. தலைமன்னாரிலிருந்து அப்துல் ஹமீது என்பவர் எழுதியிருந்தார். ஓலைக்கூடை ஒன்று கரை ஒதுங்கியிருக்கிறது, வாய்க்கட்டு அவிழவில்லை, உள்ளே முப்பத்தொன்பது குப்பி, கட்டிய கயிற்றில் ஒரே ஒரு முடிச்சு, கூடைக்காரர் நலமா?

வேதநாயகம் மேசை மேல் கையை வைத்தார். அங்கே இல்லாத கயிற்றை விரல்கள் தடவின. ஒற்றை முடிச்சு. குருசடைத் தீவுக்கு நேரே. முதல் குப்பியை விட்டிருக்கிறான், கூடையைக் கட்டியிருக்கிறான், அதோடு சரி. பதினோரு வருஷத்தில் வந்த எந்தக் கார்டும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. அதைப் பதியாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

பையில் துருத்திக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "காகிதமா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்கான்?"

வேதநாயகம் கார்டை எடுத்தார். அப்துல் ஹமீதின் எழுத்துகளை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வாசித்தார்: "அம்மா, நல்லாருக்கேன். கரையேறிட்டேன். நீ கஞ்சி குடி."

அவள் கார்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். "அப்பிடியா எழுதியிருக்கான்?" என்றாள். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, "காகிதத்தக் குடுங்க," என்று கையை நீட்டினாள்.

"ஆபீஸுல பதியணும். நாளைக்குத் தாரேன்."

மறுநாள் மத்தியானம் நிலையத்து அதிகாரி செல்லச்சாமி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், குப்பி அறையில் உட்கார்ந்து, புதுக் கார்டு ஒன்றில் 203 என்று எண் போட்டு, ஊதா மையைத் தொட்டு, கோயிலில் வாசித்ததையே இடது கையால் எழுதினார். கொழும்பு என்று இடம் போட்டார். தபால் முத்திரை வேண்டுமே? போஸ்ட் மாஸ்டர் கூத்தையா கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஊர் முத்திரை என்று கடவுளுக்கே தெரியாதபடி இழுத்துக் குத்திக் கொடுத்தார்.

கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜோதிமேரிதான் அதை யாகப்பம்மாளுக்கு வாசித்துக் காட்டியது. ஒரு காலத்தில் பெஞ்சமினை வத்தைக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துத் தோற்றவள். வாசித்து முடித்தபிறகும் கார்டிலிருந்து கண்ணை எடுக்காமலே நின்றாள். "எழுத்து குண்டு குண்டா அழகாருக்கு அத்தை," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தோடு முடியும் என்றுதான் வேதநாயகம் நினைத்திருந்தார். அடுத்த நாள் காலை கார்டும் கையுமாக நிலையத்துக்குள் வந்து நின்றாள் யாகப்பம்மாள்.

"சார், எம் மகன் காகிதம். எல்லாக் குப்பிக்கும் எழுதுறீக, இதுக்கு மட்டும் ஏன் எழுதல? எழுதாம விட்டா அவன் இல்லைன்னுல்ல ஆயிரும்?"

செல்லச்சாமி வெளியூர்க்காரர், நல்ல மனிதர். கார்டில் எண் இருந்தது, இடம் இருந்தது, முத்திரை மாதிரி ஒன்று இருந்தது. "எழுதுங்க வேதநாயகம்," என்று பதிவேட்டைத் தள்ளினார்.

அவள் எதிரே நின்றாள். வேதநாயகம் பேனாவை எடுத்தார். விடப்பட்ட மாதம் ஜூன். எண் 203. கண்ட இடம் கொழும்பு. அழுத்தி எழுதினால்தான் கார்பனில் விழும், அழுத்தித்தான் எழுதினார். ஒரு பொய் மூன்றாக விழுந்தது.

பிறகு நாலைந்து மாதத்துக்கு ஒன்று வந்தது. கொழும்புக்கு அடுத்து காலி. பிறகு திரிகோணமலை. பிறகு பருத்தித்துறை. பிள்ளையை நடுக்கடலில் எத்தனை நாள் நிறுத்திவைப்பது? இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைப் பார்க்கக் கூட்டிவந்தார். கடல் அப்படி ஓடாது என்று அவர் நாக்குக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாகப் பதிந்தார், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. இடைக்காலத்தில் ஒருநாள்கூட அவர் கடலுக்குக் காய்ச்சல் பார்க்கத் தவறவில்லை. ஆனால் தண்ணீரை நாக்கில் வைப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் பல்வலி என்றார்.

அறுபதாம் வருஷம் வெளிநாட்டிலிருந்து சுருட்டிய படம் ஒன்று வந்தது. நாடுகள் பகிர்ந்துகொண்ட அளவுகளையெல்லாம் சேர்த்து அச்சடித்த கடல் படம். பாம்பனிலிருந்து ஒரு சிவப்பு அம்பு புறப்பட்டு, இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் பாம்பனை நோக்கி வளைந்திருந்தது.

செல்லச்சாமி படத்தை மேசை மேல் விரித்து அம்பின் மேல் விரலை வைத்தார். "இந்த நீரோட்டத்த இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல வேதநாயகம்! நம்ம கார்டுகள வச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. இத அளக்கக் கப்பலே வரப்போகுதாம்!"

வேதநாயகம் சட்டைப்பைக்குள் கையை விட்டார். இரண்டு வருஷமாகச் சட்டைக்குச் சட்டை மாறிய அப்துல் ஹமீதின் கார்டு, ஓரமெல்லாம் துணி மாதிரி ஆகியிருந்தது.

"சார், ஒரு கார்டு பதியாம விட்டுப்போச்சு."

"எத்தனை, ஒண்ணுதானே?" படத்தைவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார் செல்லச்சாமி. "ஒண்ணால என்ன ஆயிரப்போகுது, விடுங்க."

கார்டு மறுபடி பைக்குள் போனது.

படத்தில் உபரியாக வந்த பிரதியை வேதநாயகம் வீட்டுக்கு எடுத்துவந்தார். யாகப்பம்மாள் அதைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் சிப்பி வைத்தாள். அம்பின் மேல் விரலை வைத்து ஊர்ந்தாள்; கொழும்பு, காலி, திரிகோணமலை, பருத்தித்துறை என்று ஜெபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்பின் முனைக்கும் பாம்பனுக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெள்ளைத்தாள் இருந்தது. அங்கே விரல் நின்றுவிட்டது.

"அவன அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க," என்றாள். "மெள்ள வரட்டும்."

பிறகு உள்ளே போய்ப் புளியும் தண்ணீரும் கொண்டுவந்தாள். வேதநாயகத்தின் இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, விரல்களில் காய்ந்திருந்த ஊதா மையை ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.

பெஞ்சமினுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது பாம்பனில் எல்லோருக்கும் தெரியும்.