கீரி இன்னும் மதகைத் திறக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையதா, அக்காவுடையதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே முந்திக்கொண்டு என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் செய்கிறவர்கள். நான் எழுதுவேன், அக்கா வரைவாள், அவள் கணவர், அதாவது மாமா, அச்சடிப்பார். அச்சகம் கீழே, வீடு மேலே. கீழே மெஷின் ஓடினால் மேலே அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரு ஊரில் ஒரு கீரி இருந்தது. அது சும்மா இருக்காது.' அது படப்புத்தகத்தின் தொடக்கம், இந்தக் கதையுடையது அல்ல. பிறகு இப்படி: 'அக்கா தூரிகையைக் கழுவி நிமிர்த்தி வைத்தபோது வானம்'

வானம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

படப்புத்தகத்து ஊர் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. கீழ்த்தெருவில் வாத்து குடைக்கடை வைத்திருக்கிறது. வாடிக்கையாளர்களும் வாத்துகளே என்பதால் வியாபாரம் மந்தம். தபால் கொடுப்பது நத்தையின் வேலை. போன வருஷத்துக் கல்யாணத்துக்கு இந்த வாரம் அழைப்பு வரும், ஊராரும் முறையாகக் கிளம்பிப் போவார்கள். முள்ளம்பன்றியின் முதுகில் அக்கம்பக்கத்தார் கைக்குட்டை காயப்போடுவார்கள். வெயில் நகர நகர அவரும் திரும்பி உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் எதையும் நான் எழுதவில்லை. நான் எழுதியது 'ஓடைக்கரையில் ஓர் ஊர்' என்று மட்டும். மற்றதெல்லாம் அக்காவின் கை.

முயல்கள் மேட்டில் குடியிருக்கின்றன, தண்ணீரோ கீழே. குதித்துக் குதித்து ஏறுவதால் குடம் வீடு சேரும்போது பாதிதான் இருக்கும். குடித்தது போக மிச்சம் இல்லாததால் குட்டிகள் குளிப்பதில்லை. இதைப் பார்த்துப் பொறுக்காமல் கீரி ஓர் இயந்திரம் செய்கிறது. அதில் மூன்று பல்சக்கரங்கள். மதகைத் திறந்தால் ஓடைத் தண்ணீர் முதல் சக்கரத்தைத் தள்ளும். முதலாவது இரண்டாவதைத் திருப்பும். அதில் கோத்த வாளிகள் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும். இரண்டாவது மூன்றாவதைத் திருப்பும். அது ஊருக்கே மாவு அரைக்கும்.

(கீரிக்கு இவ்வளவு புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நான்காவது பகுதியில் அது முற்றும்.)

3

இங்கே கொஞ்சம் விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் போகாதீர்கள்.

இரண்டு பல்சக்கரங்கள் கடித்துக்கொண்டு நின்றால், ஒன்று வலமாகச் சுற்றும்போது மற்றது இடமாகச் சுற்றும். மூன்றாவதை அவற்றின் வரிசையிலேயே வைத்தால் அது மறுபடி வலமாகச் சுற்றும். சிக்கலே இல்லை. ஆனால் மூன்றும் ஒன்றையொன்று தொடும்படி முக்கோணமாக நெருக்கி வைத்தால்?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா ஆமாம் என்றால் நான் இல்லை என்பேன். மூன்றாவதாக மாமா வந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எதிராகப் பேச வேண்டும் என்றால் எந்தப் பக்கம் பேசுவார்? வாயை மூடிக்கொள்வார். நாங்களும் நின்றுவிடுவோம். பல்சக்கரங்களும் அப்படித்தான். முக்கோணம் ஒரு இம்மிகூட அசையாது.

நான் சக்கரங்களை வரிசையாக இருக்கும்படிதான் எழுதிக் கொடுத்தேன். அக்காவும் இரண்டு பக்கமும் நிறையும்படி வரிசையாகத்தான் திட்டம் போட்டாள். மாமா எட்டிப் பார்த்து, நடுச்சக்கரம் சரியாக மடிப்பில் விழுகிறது என்றார். புத்தகத்தைத் தைத்துக் கட்டும்போது நடு மடிப்பு ஒரு விரற்கடை படத்தை விழுங்கிவிடும்.* அது நியாயம். அக்கா மூன்று சக்கரங்களையும் வலது பக்கத்துக்குத் தள்ளினாள். ஒரு பக்கத்தில் வரிசை கொள்ளவில்லை. ஒன்றைத் தூக்கி மற்ற இரண்டின் தலையில் வைத்தாள். அழகான முக்கோணம்.

* எங்கள் முந்தைய புத்தகத்தில் இப்படி ஒரு ஒட்டகச்சிவிங்கி கழுத்தில்லாமல் வெளியானது. குழந்தைகள் அதைக் குதிரை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

4

அக்கா எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடமாட்டாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை இருப்பதாகச் சொல்வாள். இந்தப் படத்தில் போட்டிருந்தாள். ஊரே அதில் நின்றது: தொப்பியை மேலே எறியும் எலிகள், தோளில் துண்டோடு முயல்குட்டிகள், முதுகில் கைக்குட்டைகளோடு முள்ளம்பன்றி. வர்ணம் காய்ந்த பிறகுதான் நான் சக்கரங்களைப் பார்த்தேன்.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அக்கா அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள், அல்லது மறுபடி தொடங்கவே மாட்டாள். சொல்லாவிட்டால் எங்கோ ஒரு பிள்ளை அட்டையை வெட்டி இதே மாதிரி செய்து பார்க்கும். சுற்றாது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கீரியின் மீதும் எனக்குக் கோபம் வந்தது. கண்டுபிடிப்பாளர் என்று ஐந்தாம் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். இதுகூடத் தெரியாத கீரி என்ன கீரி? அதைப் புத்தகத்திலிருந்தே தூக்கிவிட்டு ஒரு நீர்நாயைப் போடலாமா என்றுகூட

(வேண்டாம். நீர்நாய்க்கு ஓடை சொந்த வீடு. மேட்டில் இருக்கிறவர்களைப் பற்றி அது ஏன் கவலைப்படப் போகிறது?)

5

கடைசியில் சொல்லிவிட்டேன். அக்கா கெட்டி அட்டையில் மூன்று பல்சக்கரங்கள் வெட்டி, பலகையில் ஊசி குத்தி நிறுத்தினாள். ஒன்றைத் திருப்பினாள். அசையவில்லை. அழுத்தித் திருப்பினாள். ஒரு பல் மடங்கியது.

மாமா மேலே வந்தார். யார் செய்தது தப்பு என்று நாங்கள் இருவரும் அவரைக் கேட்டோம். கீழே மெஷின் ஓடுகிறது என்று சொல்லி இறங்கப் போனார். தட்டுகள் பேசாமல்தான் இருந்தன.

"மாப்ள, வெள்ளிக்கிழமை கடைசி பாரம் ஏத்தணும்," என்றார் படியிலிருந்து. புத்தகத்தின் கடைசிச் சில பக்கங்களைச் சேர்த்து அச்சடிக்கும் பெரிய தாளைத்தான் பாரம் என்கிறார். மற்ற பாரங்கள் எப்போதோ அச்சாகிவிட்டன.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமாதானமாக, தாளைக் கிழிக்க வேண்டாம், சக்கரத்தை மட்டும் சுரண்டிப் பார்க்கலாம் என்றேன்.

"எதுக்குச் சுரண்டணும்? இதுல என்னடா தப்பு?"

"இது சுத்தாதுக்கா."

"படத்துல எதுதான் சுத்துது? படம்னா நிக்கும். சுத்துச்சுன்னு எழுதினது நீ."

நான் வாயைத் திறப்பதற்குள் விரலால் மதகைக் காட்டினாள். மதகு மூடியிருந்தது. அதன் மேல் கீரியின் கை. ஓடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அவன் இன்னும் தொறக்கலடா."

"அப்புறம் ஏன் எல்லாரும் தொப்பியைத் தூக்கிப் போடறாங்க?"

"தொறக்கறதுக்கு முன்னாடியே கை தட்ற ஊரு அது. நீ பாத்ததே இல்லையா?"

(மதகை மூடி வரைந்தது திட்டமிட்டா என்று பிறகு கேட்டேன். ஓடும் தண்ணீரை வரையச் சலிப்பாக இருந்ததாம்.)

6

ஆக, படம் பிழைத்தது. போனது என் வாக்கியம்: 'சக்கரங்கள் சுழன்றன, ஊர் மகிழ்ந்தது.' அதை அடித்தேன். இப்போது ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. மதகு திறந்த பிறகு நடப்பது அதில் வர வேண்டும்.

ஒரு முடிவு: இயந்திரம் சிக்குகிறது, கீரி ஒரு சக்கரத்தை நகர்த்துகிறது, எல்லாம் ஓடுகிறது. அப்படியானால் ஊர் அங்கே எதற்கு, வேடிக்கை பார்க்கவா என்று அக்கா கேட்டாள்.

இன்னொன்று: கூட்டத்திலிருந்து ஓர் ஆமை முன்வந்து பல்சக்கரங்களைப் பற்றி நிதானமாக விளக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அந்த ஆமை நான்தான் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாவது: கீரி அழுகிறது, முயல்கள் பரவாயில்லை என்கின்றன. ஆனால் முயல்களுக்குப் பரவாயில்லை என்று யார் சொன்னது? குடம் சுமப்பது அவை.

7

ஒரு சக்கரம் ஏன் நிற்கிறது என்று என்னால் விடிய விடிய விளக்க முடியும். கை தட்டிய பிறகு, அந்தக் கைகளை ஓர் ஊர் என்ன செய்யும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் கீரியை மதகைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஓர் உதவி. கெட்டி அட்டையில் மூன்று பல்சக்கரங்கள் வெட்டுங்கள். ஒன்றையொன்று தொடும்படி ஊசி குத்தி நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டு, பெரிதாக ஒன்று நடக்கப்போவதாகச் சொல்லி, முதலில் கை தட்ட வையுங்கள். பிறகு திருப்புங்கள். அது நிற்கும். அதற்கு நான் பொறுப்பு. அடுத்ததாக யார் எழுந்து உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதுதான் கடைசிப் பக்கம்.

யாருமே எழுந்து வரவில்லை என்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.