விக்னேஷ் போன்

எம். புதுப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் விக்னேஷ்வரன் இறந்தபோது அவன் போன் மட்டும் கிடைக்கவில்லை. நாலு மாதம் கழித்து, அவனும் மனைவி அருணாதேவியும் சேர்ந்து வைத்திருந்த, போனில் எடுக்கும் படங்கள் தானாகவே சேரும் கிளவுட் கணக்கில் புதுப் படங்கள் வந்து விழுந்தன. யாரோ ஒரு குழந்தை, யார் வீட்டு அடுப்படியோ.

"அண்ணன் போனை எவனோ எடுத்துட்டான் மதினி. நம்ம படமெல்லாம் அவனும் பாப்பான்ல, அந்தப் போனைக் கணக்குலேருந்து உடனே நீக்கிருங்க," என்றான் கொழுந்தன் சுந்தரபாண்டி.

கணக்கில் 'விக்னேஷ் போன், இப்போது இயங்குகிறது' என்றிருந்தது. அதை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை வந்த படத்தில் அவள் வீட்டு வாசல் இருந்தது. சற்றுமுன் அவள் காயப்போட்ட பச்சைச் சேலையும் கொடியில் தெரிந்தது. பதறிப்போய் வெளியே ஓடினாள். தெருவில் ஆளே இல்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு, கணக்கிலிருந்து அந்தப் பெயரை நீக்கினாள். அன்றைக்குத்தான் புருஷன் செத்ததுபோல வாய்விட்டு அழுதாள்.