நான் எழுதாத கடைசி வரி

1.
இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை, மதியம் 1.10. புக்கிட் தெங்காவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். (நேரத்தையும் சாப்பாட்டையும் குறிப்பது நாட்குறிப்புப் பழக்கம். தாண்டிப் போகலாம்.) மூன்று வருடமாகப் பேசாத என் அக்கா லைலா அனுப்பியிருந்தாள்:

“உன் கதைய படிச்சேன். கடைசில கதவ திறந்துட்டியே. ஞாயித்துக்கெழம காலைல வர்றேன்.”

நான் திறக்கவில்லை.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தொழில்நுட்பம் நம் வாசிப்பை எவ்வாறு—’ கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு கடை மாடியில், மாலை வகுப்பில் கதை எழுதக் கற்கிறேன். முதல் கதையை ஒரு வாசிப்புச் செயலியில் வெளியிட்டேன். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்தபோது வராத அக்கா, பிறகொரு நாள் வாசலில் வந்து நிற்கிறாள். தங்கை உள்ளே உம்மாவுக்காக யாசீன் ஓதுகிறாள், எழுந்திருக்கவில்லை. அதுதான் கடைசி வரி. பதினோரு முறை திருத்தியது. (லைலாவும் வரவில்லை. மறைக்க என்ன இருக்கிறது?)

செய்தி வந்த அன்று மாலை, வகுப்புத் தோழி பிரமிளாவின் போனில் அதே கதையைத் திறந்தேன். ‘அவள் கதவைத் திறந்தாள். “சாப்பிட்டியா?” என்றாள்.’

என் போனில் பழைய முடிவே இருந்தது.

3.
செயலியை நடத்தும் கோகிலனை அழைத்தேன்.

“அண்ணே, என் கதைய யாரு மாத்துனது?”

“யாரும் மாத்தல லா ஷாஹிரா. உன் முடிவுக்குப் பாதிப் பேரு ஒரு ஸ்டார்தான் போடுறாங்க. சிஸ்டமே இன்னொண்ணு எழுதிக் காட்டுது, ஆளுக்குத் தகுந்த மாதிரி. இனிமே புத்தகம்னா அப்படித்தான். நீயே ஓகே கொடுத்திருக்கியே.”

நிபந்தனைகள் பதினான்கு பக்கம். மீ கோரேங்கைக்கூடக் குறித்துவைக்கும் நான், ஒரு வரி வாசிக்காமல் சம்மதம் அழுத்தியிருந்தேன்.

“அத எடுத்திடுங்கண்ணே.”

“எத? அதுக்குத்தான் அஞ்சு ஸ்டார் விழுது. உன்னோடத வேணா எடுத்துடட்டா?”

4.
“அக்காகிட்ட சொல்லிடு. அது நான் எழுதலன்னு ஒரே வரி. அவங்க அவ்ளோ தூரம் வந்து அசிங்கப்படணுமா?” என்றாள் பிரமிளா.

எழுதினேன்.
‘அக்கா, நீ படிச்ச முடிவு—’
‘நான் இன்னும் கோவமா—’
[இரண்டையும் அழித்துவிட்டேன்.]

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீதே சந்தேகம் வந்தது. அக்கா ஏன் வரவில்லை என்று கதையில் எங்குமே இல்லை. எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. செயலியும் அதைக் கேட்கவில்லைதான். ஆனால் சாப்பிட்டாயா என்றாவது கேட்டது.

5.
இன்று ஞாயிறு, காலை 10.20. சுங்கை பாக்காப்பிலிருந்து அக்கா வந்த கார் கீழே நிற்கிறது. நான் எதுவும் அனுப்பவில்லை. வாசல் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அவள் எப்போதும் ஒருமுறைதான் அடிப்பாள்.

இதை எந்தத் திரையில் படிக்கிறீர்களோ. இதற்குக் கீழே ஒரு வரி இருந்தால், அதை நான் எழுதவில்லை.

நானே எழுதியும் இருக்கலாம்.